ஐம்பது பிரதி போதும்: சொந்தமாகக் காமிக்ஸ் போடுபவர்களுக்கான அச்சுக் கணக்கு

காமிக்ஸ் வரைகிற நண்பர்கள் பலரிடம் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 32 பக்கம் வரைந்திருப்பார்கள். அச்சகத்தில் போய் விலை கேட்டால், "எத்தனை பிரதி சார்? ஆயிரத்துக்குக் குறைஞ்சா கட்டுப்படியாகாது" என்பார்கள். சேமிப்பையெல்லாம் போட்டு ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியவர்களும் உண்டு. பக்கங்களை இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டு, புத்தகம் என்ற ஆசையை அத்தோடு விட்டவர்களும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழிதான் தேவைக்கேற்ப அச்சிடுவது. பதிப்பு வட்டாரத்தில் சுருக்கமாகப் பி.ஓ.டி. (பிரின்ட் ஆன் டிமாண்ட்) என்பார்கள். பிளேட் வைத்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டைவிட இதில் ஒரு பிரதியின் அடக்க விலை கூடுதல்தான். அப்படியிருந்தும் புதிதாகக் காமிக்ஸ் போடுபவருக்கு இதுதான் மலிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணத்தை அச்சு இயந்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆஃப்செட்டில் முதல் பிரதி வெளியே வருவதற்குள்ளேயே பெரிய செலவு முடிந்துவிடும். பக்கங்களை ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும்படி, அடுக்கி, தாளின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பிளேட் எடுக்க வேண்டும். முழு வண்ணம் என்றால் நான்கு பிளேட். அப்புறம் மெஷினில் பிளேட்டை ஏற்றி, மையின் அளவைச் சரிபார்த்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாள் ஓட்டுவார்கள். அந்தத் தாள்கள் எல்லாம் கழிவு. நீங்கள் நூறு பிரதி கேட்டாலும் பத்தாயிரம் கேட்டாலும் இந்தச் செலவு ஒன்றுதான். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் தாள், மை, பைண்டிங் செலவு மட்டுமே. "ஆயிரத்துக்குக் குறைஞ்சா கட்டுப்படியாகாது" என்று அச்சகத்துக்காரர் சொல்வது உண்மையான கணக்கு.

பி.ஓ.டி. நடப்பது டிஜிட்டல் மெஷினில். அதில் பிளேட்டே கிடையாது. பி.டி.எஃப். நேராக மெஷினுக்குப் போகிறது. முதல் தாளும் நல்ல தாள், நூறாவது தாளும் நல்ல தாள். ஆனால் தாளின் ஒரு முகம் அச்சாகும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் உண்டு. அதைக் 'கிளிக்' என்பார்கள். கலர் கிளிக்கின் விலை கறுப்பு வெள்ளையைப் போலப் பல மடங்கு. பிரதி எண்ணிக்கை கூடினாலும் இந்தக் கட்டணம் பெரிதாக இறங்காது.

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர், தாளுக்குத் தாள் மாறும். இது வெறும் உதாரணம். ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு 20,000 ரூபாய், அதன்மேல் பிரதிக்கு 15 ரூபாய். டிஜிட்டலில் தொடக்கச் செலவு இல்லை, பிரதிக்கு 60 ரூபாய். 500 பிரதி ஆஃப்செட்டில் அடித்தால் 27,500 ரூபாய், அதாவது பிரதிக்கு 55 ரூபாய். டிஜிட்டலைவிட 5 ரூபாய் குறைவு. பெரும்பாலானவர்கள் இந்த 55-ஐயும் 60-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஆஃப்செட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இனி விற்பனையைப் பாருங்கள். விலை 120 ரூபாய் வைத்து, ஒரு வருடத்தில் 180 பிரதி விற்றதாகக் கொள்வோம். முதல் புத்தகம் போடுகிற ஒருவருக்கு அது நல்ல விற்பனைதான். கைக்கு வந்தது 21,600 ரூபாய். ஆஃப்செட்டில் அடித்தவர் 5,900 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறார், வீட்டில் 320 பிரதி கிடக்கிறது. ஐம்பது ஐம்பதாக டிஜிட்டலில் அடித்தவர் நான்கு முறை அடித்திருப்பார்; 200 பிரதிக்குச் செலவு 12,000. 9,600 ரூபாய் கையில் மிஞ்சியிருக்கிறது, விற்காமல் இருப்பது 20 பிரதிதான். அவர் அடுத்த புத்தகத்தைத் தொடங்கிவிடலாம். விற்காத பிரதிக்கும் நாம் காசு கொடுத்திருக்கிறோம் என்பது அச்சக ரசீதில் தெரிவதில்லை.

இந்தத் தொழில்நுட்பம் ஒரே நாளில் வந்ததல்ல. 1990-இல் ஜெராக்ஸ் நிறுவனம் டாக்யூடெக் என்ற மெஷினைக் கொண்டுவந்தது. பிளேட் இல்லாமல் கறுப்பு வெள்ளைப் பக்கங்களை வேகமாக அடித்துத் தரும் மெஷின் அது. 1993-இல் இண்டிகோ என்ற நிறுவனத்தின் டிஜிட்டல் வண்ண அச்சு மெஷின் வந்தது, பின்னாளில் எச்.பி. அந்த நிறுவனத்தை வாங்கியது. 1997-இல் அமெரிக்காவின் இன்கிராம் நிறுவனம், ஆர்டர் வந்தபின் புத்தகத்தை அடித்து அனுப்பும் தொழிலில் இறங்கியது. நம் ஊரில் 2008-இல் பெங்களூரில் இதே வேலையைச் செய்யும் போத்தி.காம் தொடங்கியது. இன்று தமிழ்ச் சிறு பதிப்பகங்கள் பலவும் கவிதை, கட்டுரை நூல்களை நூறு இருநூறு என்றுதான் அடிக்கின்றன. ஒரு காலத்தில் 1,200 பிரதி என்பது தமிழ்ப் பதிப்புலகத்தின் எழுதப்படாத விதியாக இருந்தது என்பதை நினைத்தால், எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

நம்மிடம் இதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. கையெழுத்துப் பத்திரிகை, ரோனியோ செய்த இதழ், இன்லண்ட் லெட்டரிலேயே அச்சடித்துத் தபாலில் அனுப்பிய சிற்றிதழ் என்று, வாசகர் எத்தனை பேரோ அத்தனை பிரதி என்ற பழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. காமிக்ஸ் மட்டும் அந்த வழியில் அதிகம் போகவில்லை. 1972-இல் முத்து காமிக்ஸ், 1984-இல் லயன் காமிக்ஸ் என்று சிவகாசியிலிருந்து வந்தவை ஆஃப்செட்டையும் ஏஜென்ட்டுகளையும் கடைகளையும் நம்பி வளர்ந்தவை. அவர்களும் பிற்பாடு சந்தாவுக்கும் முன்பதிவுக்கும் வந்து சேர்ந்தார்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று ஓரளவு தெரிந்துகொண்டு அடிப்பது பெரிய கைகளுக்கே தேவைப்பட்டது என்றால், தனியாளுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

காமிக்ஸைச் சொந்தமாக அச்சடித்து விற்கும் பழக்கம் செழித்த இடம் ஜப்பான். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் முதல் காமிக்கெட் சந்தை கூடியபோது 32 குழுக்களும் சுமார் 700 பேரும்தான் வந்திருந்தார்கள். இன்று அது லட்சக்கணக்கானவர்கள் கூடும் திருவிழா. அந்தச் சந்தையை நம்பியே அங்கு சிறு அச்சகங்கள் தனித் தொழிலாக வளர்ந்தன. கெடுவுக்கு முன்னதாகவே ஃபைல் கொடுத்தால் விலையில் தள்ளுபடி, அச்சடித்த கட்டுகளை நேராகச் சந்தையில் உங்கள் மேசைக்கே கொண்டுவந்து தருவது என்று, வரைபவரின் தேவையைத் தெரிந்து வேலை செய்கிற அச்சகங்கள் அவை.

அந்த உலகத்தை நேரில் போய்ப் பார்த்து ஆவணப்படம் எடுத்தவர் பரத் மூர்த்தி. 2010-இல் அவர் தொடங்கிய 'காமிக்ஸ் இந்தியா' தொகுப்பு, போத்தி.காம் வழியாக ஆர்டருக்கு ஏற்ப அச்சானது. உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. பலருடைய கதைகள் ஒரே தொகுப்பில். பதிப்பாளரோ முதலீட்டாளரோ இல்லாமல் இந்தியாவில் ஒரு காமிக்ஸ் தொகுப்பு வர முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. அது கறுப்பு வெள்ளையில் வந்ததை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அச்சு முறையைப் புரிந்துகொண்டு அதற்கேற்ற கலையைத் தேர்ந்தவர்களுக்குத்தான் பி.ஓ.டி. மலிவாகிறது. மற்றவர்களுக்கு அது விலை உயர்ந்த ஜெராக்ஸ் கடைதான்.

இதை ஒரு தாளை வைத்தே காட்டிவிடலாம். நம் ஊர் டிஜிட்டல் அச்சகங்களில் பெரும்பாலும் ஓடுவது 13-க்கு 19 அங்குலத் தாள். உங்கள் புத்தகம் ஏ5 அளவு என்றால், விரித்துவைத்த இரண்டு பக்கம் ஓர் ஏ4. அந்தத் தாளில் இரண்டு ஏ4 தாராளமாக உட்காரும். ஒரு முகத்தில் 4 பக்கம், இரு முகத்திலும் சேர்த்து 8 பக்கம். உள்ளே 32 பக்கம் என்றால் 4 தாள், 8 கிளிக்.

இப்போது அமெரிக்கக் காமிக்ஸ் போலவே வேண்டும் என்று அவர்களின் அளவை எடுத்துக்கொள்கிறீர்கள். அது 6.625-க்கு 10.25 அங்குலம். விரித்தால் 13.25-க்கு 10.25. இரண்டு விரிப்பு வைக்க 13.25-க்கு 20.5 அங்குலம் வேண்டும், தாளோ 13-க்கு 19தான். அதனால் தாளில் இரண்டு விரிப்புகள் உட்காராது, ஒன்றுதான் உட்காரும். ஒரு முகத்தில் 2 பக்கம், ஆக 32 பக்கத்துக்கு 8 தாள், 16 கிளிக். தாள் செலவும் அச்சுச் செலவும் இரண்டு மடங்கு. மிச்சத் தாளை வெட்டிக் குப்பையில் போடுவார்கள். கதை ஒன்றே, படம் ஒன்றே. அளவு மட்டும்தான் மாறியது. அதனால் முதல் கட்டம் வரைவதற்கு முன்பே அச்சகத்துக்குப் போய், "உங்ககிட்ட எந்த சைஸ் தாள் ஓடுது, அதுல எந்த அளவு வீணாகாம வரும்?" என்று கேட்டுவிடுங்கள். தமிழ்ப் புத்தகங்களில் வழக்கமான டெம்மி 1/8 அளவும் ஏ5 போலவே சிக்கனமாக உட்காரும்.

பக்க எண்ணிக்கையும் அப்படித்தான். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எட்டின் மடங்காக இருந்தால் மேலே சொன்ன தாள் கணக்குக்கு இன்னும் நல்லது. 33-ஆவது பக்கத்தில் கதை முடிகிறது என்றால் ஒரு பக்கத்தைச் சுருக்கப் பாருங்கள். சுமார் 48 பக்கம் வரை சென்டர் பின்னே போதும், அழகாகவும் இருக்கும். பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகைக் கோந்தால் ஒட்டும் முறை) செய்தால் முதுகில் பெயர் அச்சிடலாம்; ஆனால் பக்கத்தின் உள்ளோரத்தைக் கோந்து தின்றுவிடும். இரண்டு பக்கத்துக்கும் விரியும் பெரிய படத்தின் நடுவில் முகம் இருந்தால் மூக்கு காணாமல் போகும்.

அடுத்தது கறுப்பு. கோட்டோவியத்துக்கு டிஜிட்டல் மெஷின் நல்ல தோழன், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, ஃபைல். கறுப்பு வெள்ளைப் பக்கத்தைச் சாம்பல் நிறங்கள் கலந்த 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாகக் கொடுத்தால், கோட்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சாம்பலை மெஷின் புள்ளிகளாக உடைக்கும். கோடு சொரசொரப்பாகத் தெரியும். 600 டி.பி.ஐ.யில், கறுப்பு அல்லது வெள்ளை என்று இரண்டே நிலை உள்ள பிட்மேப்பாகக் கொடுத்தால் பேனா போட்ட கோடு அப்படியே விழும். ஏ5-க்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் அது 3,638-க்கு 5,102 புள்ளிகள். இந்த அளவிலேயே வரையத் தொடங்கிவிடுங்கள்; பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ போனால் நிழலுக்காகப் போட்ட புள்ளித் திரைகள் அலையலையாகக் கோலம் போட ஆரம்பிக்கும்.

இரண்டாவது, அடர்ந்த கறுப்பு. நண்பர் ஒருவரின் புத்தகம் அச்சாகும்போது கூடவே போயிருந்தேன். அட்டை முழுக்க இரவு வானம், ஓரத்தில் சின்னதாக ஒரு தெருவிளக்கு. தாள் மெஷினிலிருந்து வந்தபோது கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. மடித்துப் பின் அடித்தபோது, மடிப்பின் நெடுக்க வெள்ளையாக ஒரு கீறல். மேலிருந்து கீழ்வரை, வானத்தையே கிழித்தது போல. நண்பர் விரலால் தடவிப் பார்த்தார், கறுப்புத் தூளாக உதிர்ந்தது. "டோனர் சார், தாளுக்கு மேலேதான் உக்காரும். கிரீஸ் போடாம மடிச்சா இப்படித்தான் விரியும்" என்றார் மெஷின் ஓட்டியவர். டோனர் என்பது டிஜிட்டல் மெஷினின் தூள் மை; கிரீஸ் என்பது மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே அழுத்திப் போடும் கோடு. ஐம்பது அட்டையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கற்றுக்கொண்டது: அட்டையில் அடர்நிறம் இருந்தால் மேட் லேமினேஷன் போட்டு, கிரீஸிங் செய்து, அதன்பிறகு மடிக்கச் சொல்ல வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். அது வேண்டாமென்றால் முதுகுப் பகுதியை வெள்ளையாக விட்டு அட்டையை வரைய வேண்டும்.

உள்தாளுக்கு 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 70 கிராம்) மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளைத் தாள் போட்டால் பின்பக்கக் கறுப்பு முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். 90 ஜி.எஸ்.எம். எடுத்துக்கொள்ளுங்கள். 250 ஜி.எஸ்.எம். அட்டையோடு சேர்த்தாலும் 32 பக்க ஏ5 புத்தகம் சுமார் 60 கிராம்தான் வரும், தபாலுக்கும் பாரமில்லை.

தமிழில் காமிக்ஸ் போடுபவருக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அது எழுத்து. "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரே சொல் சின்ன பலூனின் அகலத்தையே விழுங்கிவிடும். ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்துப் பழகிய கை வட்டமாகச் சின்ன பலூன் போடும். தமிழுக்கு அகலமான பலூன் வேண்டும், அல்லது பேச்சுத் தமிழில் "போயிட்டிருக்கேன்" என்று சுருக்க வேண்டும். படம் வரையும் சாஃப்ட்வேரில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். எல்லாம் சரியாக வந்தபின் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வடிவங்களாக) மாற்றி பி.டி.எஃப். எடுங்கள், அச்சகக் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லையென்றால் வசனம் கட்டம் கட்டமாக வரும். பலூன்களை வெட்டு ஓரத்திலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளி வையுங்கள். கட்டிங் மெஷினில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்வது சகஜம். பக்கத்தின் ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் கோடு போடாதீர்கள்; அந்த நகர்வை அது ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

பி.ஓ.டி. என்ற பெயரில் இரண்டு வேறு சேவைகள் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, இணையத்தில் ஃபைலை ஏற்றிவிட்டால், யாராவது ஆர்டர் செய்யும்போது ஒரே ஒரு பிரதி அடித்து அவர்களே அனுப்பிவைப்பது. போத்தி.காம், சென்னையின் நோஷன் பிரஸ் போன்றவை இந்த வழியைத் தருகின்றன. உங்கள் கையில் ஸ்டாக் வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம். ஆனால் அவர்கள் வைத்திருக்கும் அளவுகளிலும் தாள்களிலும்தான் தேர்வு செய்ய முடியும். பிரதி விலை கூடுதல், அதன்மேல் தபால் செலவு. 32 பக்கப் புத்தகத்துக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது; வாசகர் புத்தகத்தின் விலை அளவுக்கு அனுப்பும் செலவையும் கொடுக்க வேண்டிவரும். 120, 150 பக்கத் தொகுப்பாகச் சேர்த்தபின் இந்த வழி நன்றாக வேலை செய்யும்.

மற்றது, உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தில் 30, 50, 100 என்று அடித்து வாங்கிக்கொள்வது. சின்னக் காமிக்ஸுக்கு என் ஓட்டு இதற்குத்தான். தாளைத் தொட்டுப் பார்த்துத் தேர்வு செய்யலாம். ஒரே ஒரு பிரதி மாதிரிக்கு அடித்து, உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். அந்த ஒரு பிரதியைப் பார்க்காமல் மீதிக்கு ஒருபோதும் சரி சொல்லாதீர்கள்.

விற்பனைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. மேலே போட்ட 120 ரூபாய்க் கணக்கு நேராக வாசகருக்கு விற்றால்தான் நிற்கும். கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 78. அதில் அச்சுக்கு 60 போனால் மிஞ்சுவது 18 ரூபாய். அதனால் டிஜிட்டலில் அடித்த புத்தகத்தைச் சந்தையில், மேசை போட்டு, கையெழுத்துப் போட்டு விற்க வேண்டும்; இல்லாவிட்டால் கூகுள் ஃபார்ம் ஒன்று வைத்து, யு.பி.ஐ.யில் பணம் வாங்கி, முன்பதிவு எண்ணிக்கையோடு இருபது சேர்த்து அடிக்க வேண்டும். ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம், அச்சிட்ட புத்தகத்தின் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இந்த இரண்டும் நமக்குச் சாதகம்.

காலமும் பார்க்க வேண்டும். ஜனவரிச் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு என்று எல்லாப் பதிப்பகங்களும் டிசம்பரில் அச்சகத்தை மொய்க்கும். காலண்டர், டைரி வேலையும் அப்போதுதான் குவியும். அந்த நெரிசலில் உங்கள் ஐம்பது பிரதியை யாரும் கவனித்துச் செய்ய மாட்டார்கள். செப்டம்பரிலேயே ஃபைலை முடித்துக் கொடுத்தால் நிதானமாக அடித்துத் தருவார்கள், விலையும் கொஞ்சம் பேசலாம்.

ஐம்பது தீர்ந்து இன்னொரு ஐம்பது அடிக்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் ஐம்பதில் கண்ணில் பட்ட எழுத்துப்பிழையைத் திருத்தலாம், இருட்டாக விழுந்த கட்டத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம், கடைசிப் பக்கத்தில் ஒரு வசனத்தை மாற்றலாம். ஆயிரம் பிரதி அடித்தவருக்கு இந்த வாய்ப்பே இல்லை. ஃபைல் பெயரில் மட்டும் தேதி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பழைய பி.டி.எஃப். மறுபடி அச்சாகிவிடும். இப்படியே போய் ஆறு மாதத்துக்குள் முந்நூறு தாண்டினால், ஆஃப்செட் விலையைக் கேட்டுப் பார்க்கலாம். அப்போதுகூட எல்லாவற்றையும் ஒரேயடியாக அடிக்கத் தேவையில்லை. வண்ண அட்டையை மட்டும் ஆஃப்செட்டில் ஐந்நூறு அடித்து வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளை உள்பக்கங்களை டிஜிட்டலில் வேண்டியபோது அடித்துச் சேர்த்துப் பின் போட்டுக்கொள்ளலாம். ஐந்நூறு அட்டை ஒரே ஒரு பெட்டியில் அடங்கிவிடும், கட்டிலுக்கு அடியிலும் இடம் மிச்சம்.